"பழைய காருக்கு எதுக்கு சார் இன்சூரன்ஸ்?" – ஒரு நீண்ட இழை

1/
"வண்டியே எண்பதாயிரம்தான் போகும். அதுக்குப் போய் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டணுமா சார்?"

ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர்னு எங்க வட்டாரத்துல எந்த டீக்கடையில உக்காந்தாலும் காதுல விழுற கேள்வி. கேள்வியே தப்பு. ஏன் தப்புன்னு கொஞ்சம் நீளமா எழுதுறேன். குறைஞ்ச செலவுல எப்படி எடுக்கலாம்னும் சொல்றேன். பொறுமையா படிங்க.

2/
நான் சொல்றது சிமெண்ட் ஆலை ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம். தென்காசி ஆலங்குளம் இல்லை.

இங்க ரோட்டுல ஓடுறதைப் பாருங்க. மாருதி 800 உற்பத்தி 2014-ல நின்னாச்சு, ஆம்னி 2019-ல நின்னாச்சு. எங்களுக்கு இன்னும் அதுதான் குடும்பக் கார், கல்யாணக் கார், ராத்திரி பிரசவ வலின்னா ஆஸ்பத்திரிக்கு வர்ற கார். பழைய வண்டி வச்சிருக்கிறது குத்தம் இல்லை. நானும் அதைக் கிண்டல் பண்ண வரலை.

3/
"டாக்டருக்கு இன்சூரன்ஸ் பத்தி என்ன தெரியும்?"

அரசு ஆஸ்பத்திரியில டியூட்டி பார்க்கிற எந்த டாக்டருக்கும் தெரியும். விபத்துல அடிபட்டு வர்றவரை முதல்ல பார்க்கிறது நாங்க. விபத்துப் பதிவேட்டுல எழுதுறது நாங்க. நீங்க "ஏ.ஆர். காப்பி"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போறீங்களே, அதேதான். பின்னாடி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுல நஷ்டஈடு கேஸ் நடக்கும்போது முதல்ல புரட்டுற காகிதங்கள்ல அதுவும் ஒண்ணு.

4/
அந்தப் பதிவேட்டை எழுதும்போது அடிக்கடி கேட்கிற ஒரு வரி இருக்கு: "சார், தானா விழுந்துட்டாருன்னு போட்டுக்கோங்க."

ஏன்? இடிச்ச வண்டிக்காரர் தெரிஞ்சவர், பக்கத்து ஊர்க்காரர். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. கேஸ் ஆனா அவர் தலையில விழும். அதனால வராண்டாவுலேயே பேசி முடிச்சிடுவாங்க. பத்தாயிரம், இருபதாயிரம். தொடை எலும்பு முறிஞ்சவர் மாசக்கணக்குல வேலைக்குப் போக முடியாது. அந்த இருபதாயிரம் முதல் மாசமே கரைஞ்சிடும்.

5/
அப்படி எழுதச் சொன்னா நாங்க எழுத மாட்டோம். என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களோ, அதைத்தான் எழுதுவோம். ஆனா அடிபட்டவர் வாயாலேயே "தானா விழுந்தேன்"னு சொல்ல வச்சிடுறாங்க. அந்த ஒரு வரியோட அவர் குடும்பத்துக்குச் சட்டம் கொடுக்க வேண்டிய பணத்துக்கான வழி பாதி அடைஞ்சு போகுது.

6/
இதுக்குக் காரணம் அந்த வண்டிக்காரர் கெட்டவர்ங்கிறது இல்லை. "வண்டி மதிப்பே இல்லை, இன்சூரன்ஸ் எதுக்கு?"ங்கிற ஒரே ஒரு தப்புக் கணக்குதான் காரணம். அந்தக் கணக்கை இப்ப உடைப்போம்.

7/
கட்டாய இன்சூரன்ஸ் உங்க காருக்கு இல்லவே இல்லை. உங்க கார் முன்னாடி வர்ற மனுஷனுக்கு.

1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 146: மூன்றாம் நபர் காப்பீடு (தேர்ட் பார்ட்டி) இல்லாம பொது இடத்துல வண்டி ஓட்டக் கூடாது. முதல் தடவை பிடிபட்டா 2,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 3 மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டும். அடுத்த தடவை 4,000.

ஆனா பயப்பட வேண்டியது அந்த 2,000-க்கு இல்லை.

8/
ஒரு கணக்கு போடுவோம். இது நானா கண்டுபிடிச்ச கணக்கு இல்லை. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) தீர்ப்புகள்ல உச்ச நீதிமன்றம் வகுத்த முறை.

பட்டாசு ஆலையில மாசம் 12,000 சம்பாதிக்கிற 34 வயசுக்காரர்னு வச்சுக்கோங்க. மனைவி, ரெண்டு பிள்ளைகள், அம்மா அவரை நம்பி இருக்காங்க. ராத்திரி சைக்கிள்ல வீட்டுக்குப் போறார். உங்க பழைய கார் இடிச்சு இறந்துடுறார்.

9/
வருஷ வருமானம் 1,44,000.
எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் சேர்த்தா 2,01,600.
அவர் சொந்தச் செலவுக்கு நாலுல ஒரு பங்கு கழிச்சா 1,51,200.
31 முதல் 35 வயசுக்குப் பெருக்கும் எண் 16. ஆக 24,19,200.
குடும்பத்தார் நாலு பேருக்குத் தலா 40,000, ஈமச்சடங்குக்கும் சொத்திழப்புக்கும் தலா 15,000.

மொத்தம் 26 லட்சம். வட்டி தனி.

10/
இப்ப சொல்லுங்க. எண்பதாயிரம் ரூபாய் கார் 26 லட்ச ரூபாய் கடனை உருவாக்கும். அதே கடனை எண்பது லட்ச ரூபாய் காரும் உருவாக்கும். இடிபட்டவருக்கு வண்டி எந்த வருஷ மாடல்னு தெரியாது. அவர் குடும்பத்துக்கு அது தேவையும் இல்லை.

பாலிசி இருந்தா அந்த 26 லட்சத்தைக் கம்பெனி கட்டும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இல்லைன்னா நீங்க கட்டணும். வீடு, நிலம், எது இருக்கோ அது ஜப்தி.

11/
"எங்கிட்ட ஒண்ணும் இல்லையே, என்ன ஜப்தி பண்ணுவாங்க?"ன்னு ஒரு அண்ணாச்சி கேட்டார்.

சரி, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னே வச்சுக்குவோம். அப்ப அந்த நாலு பேருக்கு என்ன ஆகும்? தீர்ப்புக் காகிதத்தை வச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? அதான் "தானா விழுந்தார்"னு பத்தாயிரத்துக்கு முடியுது. நம்ம இல்லாமைக்கு வட்டி கட்டுறது இன்னொரு இல்லாத குடும்பம்.

12/
"கவர்மெண்டுதான் இலவசமா பார்க்குதே?"

பார்க்குது. 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர்ல வந்தது. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சை அரசு செலவு. 2025 மே மாசம் மத்திய அரசு 7 நாள், 1.5 லட்சம் வரைன்னு ஒரு திட்டம் அறிவிச்சது. ரெண்டும் நல்ல திட்டம். ரெண்டும் உயிரைக் காப்பாத்துறதுக்கு. எட்டாவது நாள்ல இருந்து அரிசி வாங்குறதுக்கு இல்லை.

13/
சரி, இப்ப விலை. பலருக்குத் தெரியாத விஷயம்: தேர்ட் பார்ட்டி பிரீமியத்தைக் கம்பெனி தீர்மானிக்கிறது இல்லை. அரசு தீர்மானிக்குது. 2022 ஜூன் 1-ல அமலுக்கு வந்த அறிவிக்கைப்படி தனியார் கார்களுக்கு ஒரு வருஷத்துக்கு:

1000 சிசி வரை – 2,094
1000-க்கு மேல் 1500 வரை – 3,416
1500-க்கு மேல் – 7,897

வண்டி புதுசா பழசாங்கிற பேச்சே இல்லை. இன்ஜின் அளவு மட்டும்தான்.

14/
அதாவது 796 சிசி ஆம்னிக்கும் மாருதி 800-க்கும் 2,094. மாசத்துக்கு 175 ரூபாய். ஒரு நாளைக்கு ஆறு ரூபாய் கூட இல்லை. எங்க ஊர்ல ஒரு டீ அதைவிட அதிகம்.

"தேர்ட் பார்ட்டி எந்தக் கம்பெனியில சார் கம்மி?"ன்னு அலையாதீங்க. அடிப்படைத் தொகை எல்லா இடத்துலயும் ஒண்ணுதான். அதையே யாராவது பாதி விலைக்குத் தர்றேன்னு சொன்னா, அது பாலிசி இல்லை, வெறும் பிரிண்ட் அவுட்.

15/
இங்க அரசைக் கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு.

2,094-க்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2,471 ஆகுது. 3,416 கிட்டத்தட்ட 4,031 ஆகுது. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. ரொம்ப நல்லது. ஆனா அந்த ரெண்டும் விருப்பப்பட்டா எடுக்கிறது. எடுக்கலைன்னா ஜெயில்னு சட்டம் சொல்ற ஒரே காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே நிக்குது.

16/
எடுக்கலைன்னா தண்டனை; எடுத்தா வரி. அதுவும் யாருக்காக எடுக்கிறோம்? முகம் தெரியாத இன்னொருத்தர் குடும்பத்துக்காக. இந்தப் பணத்துக்கு ஜிஎஸ்டி வாங்குறதுக்கு என்ன நியாயம் இருக்குன்னு எனக்குப் புரியலை. குறைஞ்சபட்சம் 1000 சிசிக்குக் கீழ உள்ள கார்களுக்கும் பைக்குகளுக்குமாவது இதை எடுக்கணும்.

17/
இது டாக்டருக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்னு நினைக்காதீங்க. 2012-ல சாலைப் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்கு போட்டது கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். அந்த வழக்குலதான் 2018 ஜூலையில உத்தரவு வந்தது: 2018 செப்டம்பர் 1 முதல் விற்கிற புது கார்களுக்கு 3 வருஷம், பைக்குகளுக்கு 5 வருஷம் தேர்ட் பார்ட்டி மொத்தமா எடுத்தாகணும்.

18/
ஏன் அப்படி ஒரு உத்தரவு? முதல் வருஷத்தோட ஜனங்க புதுப்பிக்கிறதை விட்டுடுறாங்க. நாட்டுல ஓடுற வண்டிகள்ல பாதிக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாமதான் ஓடுதுன்னு நாடாளுமன்றம் வரைக்கும் பேசியாச்சு.

ஆனா அந்த உத்தரவு புது வண்டிக்கு மட்டும்தான். நாலாவது வருஷத்துல இருந்து? பத்தாவது வருஷம்? மூணாவது கை மாறின வண்டி? விடுபடுற வண்டி எல்லாமே பழைய வண்டி. அதைப் பத்தி யாருக்கும் கவலை இல்லை.

19/
இப்ப இந்த இழையோட முக்கியமான இடத்துக்கு வர்றேன். இதுவரை தலையாட்டினவங்க இங்க கொஞ்சம் நில்லுங்க.

"பழைய வண்டிதானே, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டா போதும்." ஏஜென்ட் சொல்றார், மச்சான் சொல்றார், யூடியூப் சொல்லுது. போலீஸுக்குப் போதும், எதிர்ல வர்றவருக்கும் போதும்.

உங்க காருக்குள்ள உக்காந்திருக்கிற உங்க மனைவிக்குப் போதாது. உங்க அம்மாவுக்குப் போதாது.

20/
தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில, உங்க சொந்தக் காருக்குள்ள பயணம் செய்றவர் "மூன்றாம் நபர்" கிடையாது. பைக்ல பின்னாடி உக்கார்றவரும் அப்படித்தான். 2006 திலக் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் பாலகிருஷ்ணன் வழக்குல தெளிவாவே பிரிச்சாங்க: 'ஆக்ட் பாலிசி'ன்னா காருக்குள்ள இருக்கிறவருக்குக் கம்பெனி பொறுப்பு இல்லை, 'பேக்கேஜ் பாலிசி'ன்னா பொறுப்பு உண்டு.

21/
பேக்கேஜ் பாலிசின்னா நாம "ஃபுல் இன்சூரன்ஸ்", "காம்ப்ரிஹென்சிவ்"னு சொல்றதுதான். அதுல காருக்குள்ள இருக்கிறவங்களும் பைக் பின்சீட்டும் அடங்கும்னு 2009 நவம்பர்லயே காப்பீட்டு ஆணையம் கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிடுச்சு.

அதாவது ஃபுல் இன்சூரன்ஸை நாம பெயிண்ட், பம்பர், கண்ணாடிக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். அதுல இருக்கிற பெரிய விஷயம் பம்பர் இல்லை. பின்சீட்டு.

22/
2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் "புது வண்டிகளுக்கு 5 வருஷம் பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் கட்டாயம்"னு உத்தரவு போட்டது ஞாபகம் இருக்கா? அந்த வழக்கோட கதையே இதுதான். காருக்குள்ள இருந்தவர் இறந்துட்டார். பாலிசி தேர்ட் பார்ட்டி மட்டும். கம்பெனி பொறுப்பு இல்லைன்னு முடிவாச்சு. வாங்கும்போது ஜனங்களுக்கு இதை யாரும் விளக்குறது இல்லைன்னு நீதிபதியே வருத்தப்பட்டார்.

நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு அந்த உத்தரவை அடுத்த மாசமே திரும்ப வாங்கிட்டாங்க. ஓட்டை அப்படியே இருக்கு.

23/
நான் கோபப்படுறது இதுக்குத்தான். அறுவை சிகிச்சைக்கு முன்னாடி என்னென்ன ஆகலாம்னு நோயாளிக்குப் புரியுற மொழியில சொல்லி, கையெழுத்து வாங்காம நான் கத்தியைத் தொட முடியாது. சொல்லலைன்னா அது என் குற்றம்.

ஆனா "இந்தப் பாலிசியில உங்க குடும்பத்துக்கு எதுவும் இல்லை"ங்கிற ஒரு வரியைத் தமிழ்ல, பெரிய எழுத்துல, முதல் பக்கத்துல அச்சடிக்க ஒரு கம்பெனிக்கும் மனசு வரலை. ஆணையம் கட்டாயப்படுத்தவும் இல்லை. கேட்டா "டெர்ம்ஸ்ல இருக்கு சார்". இங்கிலீஷ்ல, எறும்பு சைஸ்ல.

24/
சரி, என்ன செய்யலாம்? உங்க வண்டி 10, 12 வருஷம் ஆனதுன்னா முதல்ல ஃபுல் இன்சூரன்ஸ் கேளுங்க. "அது ரொம்ப ஆகுமே"ன்னு நினைக்காதீங்க. சொந்தச் சேதப் பிரீமியம் வண்டி மதிப்பைப் பொறுத்தது. மதிப்பு கம்மின்னா பிரீமியமும் கம்மி.

5 வருஷம் தாண்டின வண்டிக்கு மதிப்பை (ஐடிவி) நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு பண்றீங்க. ஒரு புரிதலுக்குப் பழைய தாரிஃப் விகிதத்தை எடுத்துக்கோங்க: நூத்துக்குச் சுமார் மூணரை ரூபாய். ஒரு லட்சம் மதிப்புன்னா 3,500.

25/
அஞ்சு வருஷம் கிளைம் எதுவும் வாங்கலைன்னா நோ கிளைம் போனஸ் 50 சதவீதம். அந்த 3,500 இப்ப 1,750. கம்பெனிக்குக் கம்பெனி இதுல வித்தியாசம் இருக்கும். நாலு இடத்துல விலை கேட்க வேண்டியது இந்தப் பகுதிக்குத்தான்.

அதாவது தேர்ட் பார்ட்டிக்கு மேல ரெண்டாயிரம் ரூபாய் சுமாரா கொடுத்தா, உங்க பின்சீட்டுல இருக்கிறவங்களுக்கும் அந்த 26 லட்சக் கணக்கு பொருந்தும். தீபாவளிக்கு நம்ம ஊர்ல ஒரு நல்ல கிஃப்ட் பாக்ஸ் என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும்.

26/
பழைய வண்டிக்கு எதைக் குறைக்கலாம்?

ஜீரோ டெப் போன்ற கூடுதல் கவர்கள் வேண்டாம். பெரும்பாலும் தரவும் மாட்டாங்க. "முதல் இவ்வளவு ரூபாய் சேதம் என் பொறுப்பு"ன்னு விருப்பக் கழிவு எடுத்தா பிரீமியம் இன்னும் குறையும். 10 வருஷம் தாண்டின வண்டிக்கு உலோகப் பாகங்கள்லயே 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க, பிளாஸ்டிக், ரப்பருக்கும் 50. அதனால சின்னக் கீறலுக்கெல்லாம் கிளைம் போடாதீங்க. போனஸ் போயிடும்.

27/
பாலிசி முடிஞ்சு 90 நாளைக்குள்ள புதுப்பிக்கலைன்னா சேர்த்து வச்ச போனஸ் மொத்தமும் போச்சு. இடையில விட்டா ஃபுல் இன்சூரன்ஸுக்கு வண்டியைப் பார்வையிட வேற வருவாங்க. போன்ல ஒரு மாசம் முன்னாடி அலாரம் வைங்க.

இன்னொண்ணு: போனஸ் உங்களுக்குச் சொந்தம், காருக்கு இல்லை. பழைய காரை வித்துட்டு வேற கார் வாங்கினா அதைக் கேட்டு எடுத்துட்டுப் போங்க.

28/
"எங்க வண்டி 17 வருஷம் சார், யாரும் ஃபுல் தர மாட்டேங்கிறாங்க."

அப்ப ஆன்லைன்ல மட்டும் பார்க்காதீங்க. நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல்னு நாலு பொதுத்துறைக் கம்பெனி இருக்கு. ஆபீஸுக்கே நேர்ல போய்க் கேளுங்க. வண்டியைப் பார்த்துட்டுச் சில இடத்துல தருவாங்க. 15 வருஷம் தாண்டினா ஆர்சி புதுப்பிச்சிருக்கான்னு முதல்ல பாருங்க. காலாவதியான ஆர்சி கம்பெனிக்குக் கிடைக்கிற முதல் சாக்கு.

29/
கடைசி வரை யாருமே தரலைன்னா, தேர்ட் பார்ட்டியோட இந்த மூணையும் சேர்க்கச் சொல்லுங்க:

ஒண்ணு, உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு, 15 லட்சம். இது உங்களுக்கு. வேற பாலிசியில ஏற்கனவே இருந்தா மறுபடி எடுக்க வேண்டாம்.
ரெண்டு, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீடு, தலைக்கு 2 லட்சம் வரை. எல்லாருக்கும் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான்.
மூணு, சம்பளத்துக்கு டிரைவர் வச்சிருந்தா அவருக்கான சட்டப் பொறுப்பு. பழைய தாரிஃப்ல 50 ரூபாய்.

30/
தலைக்கு 2 லட்சம் போதுமா? போதாது. ஒண்ணுமே இல்லாததுக்கு அது எவ்வளவோ மேல். கேட்டாதான் சேர்ப்பாங்க, கேட்கலைன்னா விட்டுடுவாங்க.

தேர்ட் பார்ட்டியே தர மாட்டோம்னு எந்தக் கம்பெனியாவது சொன்னா அது தப்பு. பழைய வண்டின்னு காரணம் சொல்லி மறுக்கக் கூடாது. 155255-க்குப் போன் போட்டோ, 'பீமா பரோசா' இணையதளத்துலயோ ஆணையத்துக்குப் புகார் கொடுங்க.

31/
இப்ப எங்க வட்டாரத்துக்கு மட்டும் நாலு வார்த்தை. காசு கட்டிப் பாலிசி எடுத்தும் வீணாப் போற வழிகள்.

வெள்ளை நம்பர் பிளேட் ஆம்னியில காலையில பட்டாசு ஆலைக்கு ஆள் ஏத்திட்டுப் போய், வாரத்துக்கு இவ்வளவுன்னு வாங்குறீங்களா? அது வாடகை. தனியார் கார் பாலிசியில வாடகைக்கு ஓட்டக் கூடாதுன்னு எழுதியே இருக்கு. விபத்துன்னா கம்பெனி அதைத்தான் பிடிக்கும். முதல்ல கம்பெனி கட்டட்டும்னு கோர்ட் சொன்னாலும், பின்னாடி உங்ககிட்ட வசூலிச்சுக்கன்னு அனுமதி கொடுக்கும்.

32/
அந்த வண்டியில நெருக்கி உக்காந்து போறவங்க யாரு? தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போற பொம்பளைங்கதான் பாதி. ஆலையில வெடிச்சா நாடே பேசும். வண்டி கவிழ்ந்தா உள்ளூர்ப் பக்கத்துல நாலு வரி.

ஆலை முதலாளிகள் மஞ்சள் பிளேட் வண்டி, உரிய பாலிசியோட ஏற்பாடு பண்ணணும். வேலைக்கு வர்ற வழியும் வேலையோட பாதுகாப்புல சேர்த்திதான்.

33/
டிக்கியில பட்டாசுப் பெட்டிகளை அடுக்கி விற்பனைக்குக் கொண்டு போறதும் அப்படியே. சொந்தச் சாமான் தவிர சரக்கு ஏத்தக் கூடாதுன்னு அதே பாலிசியில இருக்கு. வெடிபொருள் சட்டம் தனியா வேற இருக்கு. தீக்காய வார்டுல டியூட்டி பார்த்த யாரையும் கேட்டுப் பாருங்க, பெட்ரோல் டேங்கும் பட்டாசும் ஒரே வண்டியில எதுக்குக் கூடாதுன்னு.

34/
கேஸ் கிட் மாட்டின ஆம்னியா? ஆர்சியிலயும் பாலிசியிலயும் ஏத்துங்க. தேர்ட் பார்ட்டி பகுதிக்குக் கூடுதல் கட்டணம் 60 ரூபாய்தான் இருந்தது. அந்த அறுபதை மிச்சம் பிடிச்சு, வீட்டுச் சிலிண்டரை வச்சு ஓட்டுறவங்களுக்கு நான் சொல்றதுக்கு வேற ஒண்ணும் இல்லை. தயவுசெஞ்சு பிள்ளைகளை அதுல ஏத்தாதீங்க.

35/
பழைய கார் வித்தவங்களுக்கு: ஆர்சி பேர் மாத்தாம, வெத்துப் படிவத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டு நிம்மதியா இருக்கீங்களா? 2018 நவீன் குமார் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: பதிவுல யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர். நாலு கை மாறினாலும் நஷ்டஈடு நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும்.

வாங்குறவங்களுக்கு: 14 நாளைக்குள்ள பாலிசியையும் உங்க பேருக்கு மாத்த விண்ணப்பம் கொடுங்க.

36/
பணம் கட்டினதும் எம்பரிவாகன் செயலியில வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. இன்சூரன்ஸ் தேதி அங்க வரணும். சில நாள் கழிச்சும் வரலைன்னா கம்பெனி ஆபீஸ்ல பாலிசி நம்பரைச் சொல்லிக் கேளுங்க. ஏஜென்ட்டை இல்லை, கம்பெனியை.

37/
"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன், முப்பது வருஷமா ஒரு கீறல் இல்லை."

நம்புறேன் அண்ணாச்சி. ஆனா பழைய வண்டியில பிரேக் பிடிக்காம போறதும், டயர் வெடிக்கிறதும் உங்க அனுபவத்தைக் கேட்டுட்டு நடக்காது. ராத்திரி லைட் இல்லாத ரோட்டுல ஆடு குறுக்க வந்தா யாரா இருந்தாலும் திருப்பத்தான் செய்வாங்க.

38/
"கம்பெனிக்காரன் எங்க சார் பணம் தர்றான்?"

உங்க பம்பருக்கு இழுத்தடிப்பான், உண்மைதான். ஆனா மூன்றாம் நபர் நஷ்டஈடு கம்பெனி மனசு வச்சுத் தர்றது இல்லை. தீர்ப்பாயம் உத்தரவு போட்டு வாங்கிக் கொடுக்கிறது. அந்த உத்தரவுக்கு முன்னாடி ஒரு பாலிசி இருக்கணும். அவ்வளவுதான்.

39/
அடிபட்டவங்களுக்கும் கூட வர்றவங்களுக்கும்: ஆஸ்பத்திரி வராண்டாவுல பேரம் பேசாதீங்க. எந்த வண்டி, என்ன நம்பர், எங்க, எத்தனை மணிக்கு, எப்படின்னு உண்மையை டாக்டர்கிட்ட சொல்லுங்க. போலீஸ்ல அன்னைக்கே புகார் கொடுங்க. இடிச்சவர் மேல கோபம் இல்லாமலேயே இதைச் செய்யலாம். அவருக்குப் பாலிசி இருந்தா அவர் பாக்கெட்டுல இருந்து ஒரு ரூபாய் போகாது.

40/
சுருக்கமா மூணு கோரிக்கை.

அரசுக்கு: கட்டாயக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டியை எடுங்க.
சட்டம் எழுதுறவங்களுக்கு: காருக்குள்ள இருக்கிறவரையும் பைக் பின்சீட்டையும் கட்டாயக் காப்பீட்டுக்குள்ள கொண்டு வாங்க. அதுக்காகப் பிரீமியம் நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.
ஆணையத்துக்கு: யாருக்கு உண்டு, யாருக்கு இல்லைன்னு பாலிசியோட முதல் பக்கத்துல தமிழ்ல போட வைங்க.

41/
உங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. இப்பவே டேஷ்போர்டைத் திறந்து பாலிசியை எடுங்க. ரெண்டு விஷயம் பாருங்க: முடியுற தேதி; "லயபிலிட்டி ஒன்லி"யா "பேக்கேஜ்"ஆ. லயபிலிட்டி ஒன்லின்னா, அடுத்த புதுப்பிப்புல பின்சீட்டுக்கு என்ன பண்றதுன்னு ஏஜென்ட்டுக்கு இன்னைக்கே போன் போடுங்க.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டியூட்டி முடிஞ்சு பதில் சொல்றேன். பழைய வண்டி வச்சிருக்கிற சொந்தக்காரங்க குரூப்ல இதைப் போடுங்க.